நாக்கில் ஒரு கல் உப்பு

சாம்பல் புதன், 2025 மார்ச் 5

காலைத் திருப்பலியில் இட்ட சாம்பல் மாலை வரை நெற்றியில் இருந்தது. நாலரை மணி வகுப்புக்கு முதலில் வந்தவள், பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே என் முகத்தை உற்றுப் பார்த்து, "அடுப்பு ஊதுனீங்களா டீச்சர்?" என்றாள். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல் என்று விளக்கினேன். "அப்ப ஓலை அடுப்பு" என்று தானே முடிவு செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நோன்பிருக்கிறவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரியக் கூடாது என்பதுதான் இன்றைக்கு வாசிக்கிற நற்செய்தி, மத்தேயு ஆறாம் அதிகாரம். ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இன்றைக்குத்தான் சாம்பலோடு வாய்விட்டுச் சிரித்தேன்.

சில வருடங்களாகத் தவக்காலத்துக்குக் காபியை விடுவது வழக்கம். மூன்றாம் நாளிலிருந்து என் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவர்கள்தான் தவம் செய்வார்கள். இந்த வருடம் காபி இருக்கட்டும். அதற்குப் பதில், பிள்ளைகளிடம் பார்ப்பதை இந்த நோட்டில் எழுதுவதாக நேர்ந்துகொண்டேன். எனக்கு நன்றி சொல்லத் தெரியும். அது உள்ளே இருந்து வருகிறதா என்று கொஞ்ச நாளாக ஒரு சந்தேகம்.

*

வெள்ளி

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி எழுதி வைக்கிறேன். புதுச்சேரியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், மரக்காணம் வருவதற்கு முன்னால் கீழ்புத்துப்பட்டு. சாலையில் விரைகிறவர்களுக்கு இங்கே மஞ்சினீஸ்வரர் அய்யனார் கோயிலும் அதன் குதிரைகளும் தெரியும். கோயிலைச் சுற்றி நிற்கும் காடு பலருக்குத் தெரியாது. சாமி காடு என்பதால் வெட்டாமல் விட்டது. இந்தக் கடற்கரை முழுக்க ஒரு காலத்தில் இருந்த உலர் பசுமைமாறாக் காட்டில் மிச்சமான ஒரு துண்டு இது. ஆராய்ச்சிக்காரர்கள் வந்து மரங்களை எண்ணிப் போகிறார்கள். இன்னொரு பக்கம் இலங்கைத் தமிழர் முகாம். 1983 கலவரத்துக்குப் பிறகும், 1990இல் போர் மறுபடி மூண்டபோதும் கடல் தாண்டி வந்தவர்களைத் தமிழகம் முழுக்கப் பிரித்து அனுப்பிய முகாம்களில் ஒன்று. 2021 ஆகஸ்டில் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று வைத்தது. பிள்ளைகளுக்கு எப்போதும் அது 'கேம்பு'தான். வடக்கே மரக்காணத்து உப்பளம். மேற்கே கழுவெளி, பூநாரை வந்தால் பிள்ளைகள் வகுப்புக்கு வரமாட்டார்கள்.

என் கீற்றுக் கொட்டகையில் ஊர்ப் பிள்ளைகளும் கேம்புப் பிள்ளைகளும் கலந்து உட்காருகிறார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கலாம். நான் கேட்பதில்லை.

*

செவ்வாய்

அய்யனார் கோயிலில் மொட்டை. வெளியூர்க் குடும்பம், வேன் வைத்து வந்திருந்தார்கள். மாமன் மடியில் உட்கார்ந்த பையன் கத்திய கத்தல் ரோடு வரைக்கும் கேட்டது. உலகமே முடிந்துபோன மாதிரி அழுகை. சந்தனம் தடவி இறக்கிவிட்டார்கள். அடுத்த ஐந்தாவது நிமிடம் அந்தச் சந்தன மொட்டை குதிரைச் சிலையின் முன்னங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து பார்க்கிறது. குதிரை எப்போது கிளம்பும் என்று காத்திருக்கிறது. கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை.

நான் என் வருத்தங்களைக் காயவைத்து எடுத்து வைப்பவள். 1994இல் ஒருத்தி சொன்ன சொல் இன்னும் ஜாடியில் இருக்கிறது, ஊறுகாய் மாதிரி.

*

மார்ச், மூன்றாம் வாரம்

ஒரு பெரியவர் நோட்டுப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர், நல்ல தாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினோம். ஒவ்வொருவராக வாங்கி, "தேங்க்யூ சார்." படம் எடுத்தார்கள். ஒரு பையன் சொல்ல மறந்துவிட்டான். நான்தான் முதுகில் லேசாகத் தட்டி, "தேங்க்யூ சொல்லு" என்றேன். சொன்னான்.

அவர் கார் போன பிறகு பார்க்கிறேன், அதே பையன் நோட்டைத் திறந்து நடுப்பக்கத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டிருக்கிறான். கண் மூடியிருக்கிறது. பிறகு பக்கத்தில் இருப்பவனின் மூக்குக்கு நீட்டுகிறான். அவன் மோந்துவிட்டு அடுத்தவனுக்கு. ஒரே பெட்டியில் வந்த நோட்டுகள், எல்லாவற்றுக்கும் ஒரே வாசனைதான். ஆனாலும் எல்லாரும் எல்லார் நோட்டையும் மோந்து பார்த்தார்கள்.

முதுகில் தட்டிய என் கையை நினைத்து வெட்கமாக இருந்தது.

இரவு நிகண்டு புரட்டவில்லை, தமிழாசிரியை என்பதால் ஞாபகத்திலிருந்தே எழுதுகிறேன். திருக்குறளில் பதினோராவது அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் பதிலுக்குச் சொல்லும் வார்த்தை இல்லை. பிறர் செய்த நன்மைக்கே நன்றி என்று பெயர். நாம் செய்ய வேண்டியது அதை அறிவது. காலப்போக்கில் கொடுத்ததன் பெயர் பதில் மரியாதைக்குப் போய்விட்டது. இன்றைக்கு நன்றி 'சொல்கிறோம்', 'தெரிவிக்கிறோம்', கல்யாணப் பத்திரிகையில் 'நவில்கிறோம்'. அறிவதற்கு நேரம் கிடைப்பதில்லை. அந்தப் பையன் மூக்கால் அறிந்தான்.

லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் குணமாகி, ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான். மற்ற ஒன்பது பேரை நான் வகுப்பில் திட்டியே பழகியிருக்கிறேன். வந்த அந்த ஒருவன் எப்படி வந்தான் என்பதைக் கவனித்ததில்லை. உரத்த குரலில் கத்திக்கொண்டு வந்தான் என்று எழுதியிருக்கிறது. யாரும் முதுகில் தட்டி அனுப்பவில்லை.

*

மறுநாள்

நேற்று எழுதியதோடு இன்னொன்று சேர்க்க வேண்டும். கத்தோலிக்க வீடுகளில் பழைய ஆட்கள் திவ்விய நற்கருணை என்று முழுப் பெயர் சொல்லமாட்டார்கள். 'நன்மை வாங்கியாச்சா?' என்றுதான் கேட்பார்கள். முதல் தடவை வாங்குவது 'புது நன்மை'. வெள்ளைக் கவுன், கையில் மெழுகுவத்தி, ஸ்டுடியோவில் ஒரு படம். என் படம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. மெழுகுவத்தி என்னைவிட நேராக நிற்கிறது.

கிரேக்கத்தில் நற்கருணைக்கு வைத்த பெயருக்கு நன்றி கூறல் என்று அர்த்தம். நம் பாட்டிமார் கிரேக்கம் படித்ததில்லை. ஆனாலும் நன்றி என்றால் நன்மை என்ற பழைய தமிழைப் பிடித்துக்கொண்டு, வாங்குவதன் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பல ஊர்களில் பத்து, பன்னிரண்டு வயதாக வேண்டும் என்று இருந்ததை, ஏழு வயதளவில் கொடுக்கலாம் என்று ஆக்கியவர் போப் பத்தாம் பயஸ், 1910இல். சாதாரண அப்பத்துக்கும் இந்த அப்பத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்றார். எனக்கு அந்த ஏழு வயதில் நன்றாகத் தெரிந்திருந்தது. அறுபத்தொன்பதில்தான் சில ஞாயிறுகளில் தெரிவதில்லை. வரிசையில் நிற்கும்போது மதியக் குழம்பை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

தவக்காலம் மூன்றாம் வாரம்

இன்றைக்குப் பழமொழி வகுப்பு. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று பலகையில் எழுதினேன். சோறு போட்டவரை உயிர் உள்ளவரை மறக்கக் கூடாது என்று பொருள் சொன்னேன். ஒரு உதாரணமும் சொன்னேன், வழக்கமான உதாரணம்.

நாலாம் வகுப்புப் படிக்கிறவள், எங்கள் தெருக்காரி, கையைத் தூக்கினாள். அவள் அம்மா மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர். விடியாத நேரத்தில் வேன் வரும்.

"உப்பிட்டவங்கன்னா எங்கம்மா மாதிரியா டீச்சர்?"

நான் பதில் யோசிப்பதற்குள், "எல்லார் வீட்லயும் எங்கம்மா அள்ளுன உப்புதான? அப்ப எல்லாரும் எங்கம்மாவ நெனப்பாங்களா?"

பெருமையோடு கேட்டாள். குறையாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மற்ற பிள்ளைகள் திரும்பி அவளை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவன், "எங்க வீட்ல நெனைக்கிறோம்" என்று அப்போதே சொல்லிவிட்டான். நல்ல பையன், பொய்யும் நல்ல பொய்.

முப்பத்து மூன்று வருடம் இந்தப் பழமொழியை நடத்தியிருக்கிறேன். உப்பிட்டவர் என்றால் உப்பைக் கையால் எடுத்துப் போட்டவர் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. பரிமாறிய கை வரைக்கும் போவேன். அதற்குப் பின்னால் வெயிலில் நிற்கிற கைக்குப் போனதில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு.

*

சனி

அவளோடும் அவள் அம்மாவோடும் உப்பளத்துக்குப் போனேன். நானே கேட்டுப் போனதுதான். வேனில் இடம் நெருக்கம். எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார்கள். இறங்கும்போது கிழக்கு வெளுக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். ஏறிவிட்டால் கீழே வெள்ளை உப்பு, மேலே சூரியன், கண்ணை எங்கேயும் வைக்க முடியாது. பல வருடம் இதில் நிற்கிறவர்களுக்குக் கண்தான் முதலில் போகிறது. பிறகு கால்.

உப்பு விளைவது பற்றி நான் நினைத்திருந்ததில் பாதி தப்பு. கடல் தண்ணீரை நிறுத்தினால் காய்ந்து உப்பாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரு லிட்டர் கடல் நீரில் உப்புகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 35 கிராம். பத்துக் குடம் தண்ணீர் வெயிலில் ஒரு குடமாகச் சுண்டின பிறகே சாப்பாட்டு உப்பு கட்டத் தொடங்கும். அதற்கு முன்னால் சுண்ணாம்பும் ஜிப்சமும் கட்டிவிடும். அவற்றை முந்தின பாத்திகளிலேயே விட்டுவிட வேண்டும். கடைசிச் சொட்டு வரைக்கும் காயவிட்டாலும் கெட்டது, மக்னீசியம் சேர்ந்து கசந்துவிடும். அந்தக் கசப்புத் தண்ணீரை நேரம் பார்த்து வெளியேற்ற வேண்டும். ஆகவே நல்ல உப்பு என்பது இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு நடுவில் பிடிப்பது. தரை இறுகுவதற்குப் பாத்தியை நாள் கணக்கில் காலால் மிதிக்கிறார்கள். மரப்பலகையால் இழுத்து வாரிக் கரையில் குவிக்கிறார்கள்.

சின்னவள் என்னைக் கையைப் பிடித்து ஒரு பாத்தியின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். "குனிஞ்சு பாருங்க, தண்ணி பூத்திருக்கு." தண்ணீருக்கு மேலே மெல்லிய ஆடை மாதிரி, உடைந்த கண்ணாடித் துணுக்குகள் மிதந்தன. மூச்சு விட்டாலும் அசைந்தன. கனம் கூடியதும் மூழ்கிவிடும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துணுக்கைத் தேர்ந்தெடுத்து அது மூழ்கும்வரை பார்த்தாள். மூழ்கியதும், "போச்சு" என்று சிரித்து அடுத்ததைத் தேர்ந்தெடுத்தாள். எத்தனை தடவை பார்த்திருப்பாள்? அப்படியும் அலுக்கவில்லை. அவள் அம்மா பத்தடி தூரத்தில் பலகை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "அங்கயே நில்லு, காலை வெக்காத" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. அவருக்குப் பூப் பார்க்க நேரமில்லை. பூத்தால் வாருவது அவர்.

போன நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. உப்பளம் முழுக்கக் குளம். வாரிக் குவித்த உப்பு மழையில் நிற்காது. சேறு அள்ளி, கரை கட்டி, மறுபடி மிதித்துத்தான் இந்த வருடத்துப் பாத்திகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருடா வருடம் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கென்று சில வருடங்களாக அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு ஐயாயிரம். இந்தக் கணக்கைத் தியானக் குறிப்பில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் அது தியானமாகாது.

*

திங்கள், காய்ச்சலோடு

படுத்துக்கொண்டே எழுதுவதால் கையெழுத்து சரியில்லை.

சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் வருகிறது. அது இந்த மரக்காணம்தான் என்று பலர் சொல்கிறார்கள். அதே பாட்டில், கொற்கைப் பக்கத்துக் காட்சியாக, உமணர் என்ற உப்பு வணிகர்களின் வண்டியோடு வந்த ஒரு குரங்கு. வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்தது. சிப்பிக்குள் முத்தைப் போட்டு மூடி, உமணர் வீட்டுக் குழந்தைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருக்கிறது. முத்து! பாண்டியனுக்குப் போக வேண்டியது, சத்தம் வருகிறதா என்பதற்காகக் குலுக்கப்படுகிறது. பாட்டின் உரையாசிரியர்கள் இதில் நாட்டு வளத்தைக் காண்பார்கள். பிள்ளைக்கு எதன் விலையும் தெரியாது என்பதை அந்தப் புலவன் பார்த்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. காய்ச்சலாகவும் இருக்கலாம்.

*

பங்குனி, நாள் குறிக்க மறந்தேன்

கேம்பில் ஒரு வீட்டுக்குப் போனேன். இரண்டு நாளாக வகுப்புக்கு வராத சின்னப்பிள்ளையைப் பார்க்க. அதன் அம்மம்மா வாசலில் நின்றார். "வாங்கோ ரீச்சர், இருங்கோ. பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிட்டுது. உப்பும் செத்தல் மிளகாயும் சுத்திப் போட்டனான், இப்ப பரவாயில்லை." அவர் ரீச்சர் என்கிறார், பேத்தி டீச்சர் என்கிறது. நடுவில் ஒரு கடல் இருக்கிறது.

எனக்கும் உப்பு வைத்தார்களாம். பழைய ஞானஸ்நான முறையில் குழந்தையின் நாக்கில் சாமியார் ஒரு சிறு உப்பை வைப்பார், ஞானத்தின் அடையாளமாக. 1969இல் சடங்கைத் திருத்தியபோது அது வழக்கிலிருந்து போயிற்று. நான் 1956இல் பிறந்தவள். மற்ற குழந்தைகள் உப்பு பட்டதும் வீறிட்டு அழுமாம். நான் சப்புக்கொட்டினேன் என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

எசேக்கியேல் பதினாறாம் அதிகாரத்தில் பிறந்த குழந்தைக்கு உப்புத் தேய்க்கும் வழக்கம் வருகிறது. அங்கே பேசப்படுவது உப்புத் தேய்க்கப்படாத குழந்தை. கழுவவில்லை, துணியில் சுற்றவில்லை, வயல்வெளியில் எறிந்துவிட்டார்கள். உப்புத் தேய்ப்பது என்றால் இது எங்கள் பிள்ளை என்று ஒருவர் ஒப்புக்கொள்வது.

எகிப்தில் கிடைத்த ஒரு பாபிரஸ் கடிதம் உண்டு, கி.மு. 1ஆம் ஆண்டு. அலெக்சாந்திரியாவில் கூலி வேலைக்குப் போன ஹிலாரியோன், ஊரிலிருக்கும் மனைவி அலிஸுக்கு எழுதுகிறான். கடிதத்தில் பிரியம் இருக்கிறது. மறக்கமாட்டேன், கவலைப்படாதே என்கிறான். பிறக்கப்போவது ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடு என்கிறான். கொடுமைக்காரன் எழுதியதாகத் தெரியவில்லை. ஊர் வழக்கத்தை எழுதியிருக்கிறான். நாம் முகம் சுளிக்க உரிமையில்லை. சேலத்தில் 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கள்ளிப்பால் என்ற சொல் நமக்கு அகராதியிலிருந்து வரவில்லை.

அந்தக் கடிதம் எழுதப்பட்டதற்குச் சில வருடம் முன்பின்னாகத்தான், ஏரோதுக்குத் தப்பி ஒரு தச்சர் குடும்பம் கைக்குழந்தையோடு அதே எகிப்துக்கு ஓடியது. ஓடிய பிள்ளை வளர்ந்து, யார் பெரியவன் என்று சண்டை போட்ட சீடர்களுக்கு நடுவில் ஒரு குழந்தையை நிறுத்தியது. இந்த இடத்தை நான் அழகான படமாகவே பார்த்துப் பழகிவிட்டேன். காலண்டரில் சுருட்டை முடிக் குழந்தைகள், சுற்றிலும் பூ. அந்தக் காலத்தில் நடுவில் நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு அழகு முக்கியமில்லை. அதற்குச் சபையில் இடம் கிடையாது. கணக்கில் வராதது. மாற்கு மட்டும் இரண்டு விஷயம் கூடுதலாகச் சொல்கிறார். குழந்தைகளைத் தடுத்தபோது இயேசுவுக்குக் கோபம் வந்தது. பிறகு அவர்களை அணைத்துக்கொண்டார்.

இந்தக் கேம்புப் பிள்ளை இங்கேதான் பிறந்தது, அதன் அம்மாவும் இங்கேதான் பிறந்தாள். 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரின் குடியுரிமையும் வேண்டும் என்பது சட்டம். 2019இல் திருத்தியபோது இலங்கையைச் சேர்க்கவில்லை. பிள்ளைக்கு இது ஒன்றும் தெரியாது. சுற்றிப் போட்ட மிளகாய் அடுப்பில் வெடித்ததா என்று கேட்டேன். "பட் பட்னு!" என்று கை இரண்டையும் விரித்துக் காட்டியது.

*

அதே இரவு

மேலே எழுதியதை வாசித்துப் பார்த்ததில் ஒரு ஆபத்து தெரிகிறது. இல்லாத பிள்ளைகள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று சொல்லிவிடுவேனோ? அப்படிச் சொல்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வந்து பார்ப்பார்கள், கண் கலங்கும், காரில் ஏறிப்போவார்கள். நமக்கு நிம்மதி தருவதற்காக அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. அதன் சந்தோஷத்தை எடுத்து நம் குற்றவுணர்ச்சிக்குத் தடவிக்கொள்வது ஒரு திருட்டு.

பவுல் தெசலோனிக்கருக்கு எழுதும்போது எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறச் சொல்கிறார். எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் எல்லாவற்றுக்காகவும் என்று இருக்கிறது. முதலாவது எனக்குப் புரிகிறது, முயற்சி செய்கிறேன். இரண்டாவது முடியவில்லை. புயலுக்காக நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமியாரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் வரல்லம்மா" என்றார். அவர் மேல் மரியாதை கூடிற்று.

*

குருத்து ஞாயிறு, ஏப்ரல் 13

நேற்று மாலை பிள்ளைகளுக்குக் குருத்தோலை கொடுத்துச் சிலுவை முடையச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று சிலுவை கிடைத்தது. மற்றபடி இரண்டு பாம்பு, ஒரு வெட்டுக்கிளி, கைக்கடிகாரங்கள், ஒரு வாள். வெட்டுக்கிளி மிக நன்றாக வந்திருந்தது. கிறிஸ்தவப் பையன் முடைந்ததுதான் வாள்.

பவனிக்குப் பிறகு கோயிலுக்குள் பிள்ளைகள் ஓசன்னா என்று கத்தியதைக் கேட்டுத் தலைமைக் குருக்களுக்கு எரிச்சல் வந்ததாக மத்தேயு எழுதுகிறார். ஊர்வலத்தில் பெரியவர்கள் கத்தியது வெளியோடு நின்றுவிட்டது. உள்ளே வந்தும் நிறுத்தாதவர்கள் பிள்ளைகள். இன்றைக்குப் பூசையில் ஒரு குழந்தை அப்படியே செய்தது. பாட்டு முடிந்த பிறகும் இரண்டு தடவை ஓசன்னா என்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அம்மா வாயைப் பொத்தினாள்.

*

உயிர்ப்புத் திங்கள், ஏப்ரல் 21

போப் பிரான்சிஸ் காலமானார் என்று மதியம் செய்தி. நேற்றுத்தான் சதுக்கத்தில் வண்டியில் வந்தார், டிவியில் பார்த்தோம். குரல் எழவில்லை. நடுவில் வண்டியை நிறுத்தி, தூக்கிக் கொடுத்த குழந்தைகளை ஆசீர்வதித்தார். குடும்பத்துக்கு மூன்று சொல் போதும் என்று அவர் அடிக்கடி சொல்வார்: அனுமதி கேட்பது, நன்றி, மன்னிப்பு. முதுகில் தட்டி நன்றி சொல்ல வைத்த என் கையைப் பற்றி மறுபடி யோசித்தேன். சொல்லிக்கொடுப்பதும் வேண்டும்தான் போலிருக்கிறது. சொல் ஒரு பாத்தி. கட்டி வைத்தால்தான் தண்ணீர் நிற்கும். ஆனால் வெயில் நம் கையில் இல்லை.

*

மே, பஸ்ஸில்

திண்டிவனம் போய்த் திரும்பும்போது எதிர் இருக்கையில் ஒரு பெண், மடியில் இரண்டு வயது இருக்கும் குழந்தை. பால்குடி மறந்த பிள்ளை என்று பார்த்தாலே தெரிந்தது. எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் வளையலை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிக்கொண்டே வந்தது, எண்ணத் தெரியாமல். 131ஆம் திருப்பாடலில் தாய் மடியில் இருப்பதாகச் சொல்வது இந்த வயதுப் பிள்ளையை. கைக்குழந்தை பாலுக்காக மடிக்கு வரும். இது சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறது. என் ஜெபம் இன்னும் பால் கேட்கிற வயதில் இருக்கிறது.

*

மே, கடைசி வாரம்

நோன்பு முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, நோட்டை மூடவில்லை. இன்னும் நாலு தாள்தான் இருக்கிறது.

இன்றைக்கு வகுப்பு முடியும் நேரத்தில் அந்த நாலாம் வகுப்புக்காரியின் அம்மா வந்தார். வேலைப் புடவையிலேயே, காலில் வெள்ளை பூத்துக் காய்ந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. திண்ணையில் வைத்தார். கல்லுப்பு, இரண்டு கிலோ இருக்கும்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"பிள்ளைக்குச் சொல்லித் தர்றீங்க இல்ல."

உட்காரச் சொன்னேன், அடுப்பில் வேலை இருக்கிறது என்று நிற்கவில்லை. நன்றி என்று நான் சொன்னபோது கேட்டைத் தாண்டிப் போயிருந்தார். சின்னவள் மட்டும் நின்று பையை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "மழை வர்ற வரைக்கும் கடையில வாங்காதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தேன். மீதியைப் பீங்கான் ஜாடியில் கொட்டினேன். முக்கால் ஜாடி வந்தது.